குட்டப்பனுக்குக் குளிர் வைத்தியம்

முதலையின் வயிற்றுக்கடியில் மஞ்சளாகப் பொடி உதிர்ந்து கிடந்தது. ரெஜித் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு டார்ச் அடித்துப் பார்த்தான். வறுத்த ரவை மாதிரி இருந்தது. முந்தின நாள் பெருக்கும்போது அது இல்லை.

நெடுங்கடவு நகராட்சி அருங்காட்சியகத்தில் அவன் பயிற்சிக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கையுறை இல்லாமல் எதையும் தொடக்கூடாது, ஓலைச்சுவடிக்குப் பக்கத்தில் தும்மக்கூடாது, பார்க்க வருகிறவர்களிடம் "எனக்குத் தெரியாது" என்று சொல்லாமல் "அது ஆராய்ச்சியில் இருக்கிறது" என்று சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் கற்றுக்கொண்டிருந்தான். பூச்சியைப் பற்றியும் படித்திருந்தான். பாடம் பண்ணிய மிருகத்துக்கடியில் பொடி உதிர்ந்தால் உள்ளே யாரோ குடித்தனம் நடத்துகிறார்கள் என்று அர்த்தம்.

கற்றுக்கொடுத்த காப்பாட்சியர் சத்யபாமா மேடம் ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்காக முந்தின நாள்தான் மஸ்கட்டுக்கு விமானம் ஏறியிருந்தார். திரும்பி வரும் வாரத்திலேயே விலங்கியல் கூடத்தைப் பார்வையிடக் கலெக்டர் வருகிறார். ரெஜித்தின் சான்றிதழும், காலியாக இருக்கும் உதவியாளர் வேலையும் அன்றைக்கு மேடம் கலெக்டரிடம் சொல்லப்போகும் நாலு வார்த்தையில்தான் இருந்தன. கிளம்பும்போது ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு மேடம் சொன்னது அவன் காதில் ஒலித்தது.

"நான் வர்ற வரைக்கும் நீ ஒண்ணும் செய்யாதே. ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான் மியூசியத்துல பாதி வேலை."

ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். ஆனால் அது குட்டப்பன். ஊரில் யாரும் அதை முதலை என்று சொல்வதில்லை. எப்போதோ ஆற்றில் துணி துவைக்கப் போனவர்களை விரட்டிக்கொண்டிருந்ததைச் சுட்டுப் பாடம் பண்ணி வைத்திருந்தார்கள். பொம்மைகளும் நாணயங்களும் எந்த ஊரிலும் உண்டு. நெடுங்கடவுக்கு ஜனங்கள் வருவது குட்டப்பனைப் பார்க்கத்தான்.

காவலாளி சுகுணன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பொடியைப் பார்த்தார். அரிசியில் வண்டு விழுந்தால் தன் வீட்டில் வெயிலில் காயப்போடுவார்கள் என்றார். கர்க்கடக மாதம், மழை விட்டு அபூர்வமாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இதை விட்டால் வெயில் கிடைக்காது என்றும் சொன்னார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குட்டப்பனை முன்புறப் புல்வெளியில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

புல்வெளிக்கு எதிரில் பஸ் நிறுத்தம் என்பது அப்போது இருவருக்கும் தோன்றவில்லை.

முதல் பஸ் நின்றது. நின்ற பஸ் கிளம்பவில்லை. பின்னால் வந்த பஸ்ஸும் நின்றது. ஆற்றில் வெள்ளம் வந்து முதலை ஊருக்குள் ஏறிவிட்டது என்று யாரோ தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்ய, வலையும் கயிறுமாக வண்டி வந்து சேர்ந்தது. குட்டப்பனின் வாலைத் தடியால் தட்டிப் பார்த்த அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. செத்தது என்று ஒரு போர்டு வைக்கக்கூடாதா என்று அவர் ரெஜித்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டியது.

"தூக்கு மோனே," என்றார் சுகுணன்.

ரெஜித்தின் கையுறை நனைந்து கிழிந்திருந்தது. வெறுங்கையால் தொடக்கூடாதே. புதுக் கையுறை தேடி உள்ளே ஓடினான். அது மேடத்தின் பீரோவில் இருந்தது. சாவி மஸ்கட்டில் இருந்தது. கடைசியில் இரண்டு பிளாஸ்டிக் பைகளைக் கையில் மாட்டிக்கொண்டு அவன் வெளியே வருவதற்குள் குட்டப்பன் உயிரோடிருந்த காலத்துக்குப் பிறகு முதல்முறையாக முழுக்கக் குளித்து முடித்திருந்தான்.

மின்விசிறி வைத்துப் பார்த்தார்கள். காயவில்லை. மூன்றாம் நாள் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. பூச்சிக்குப் பூஞ்சையும் துணை சேர்ந்துகொண்டது. வேறு வழியில்லாமல் ரெஜித் மஸ்கட்டுக்குப் போன் செய்தான். குழந்தை நலமா என்று விசாரித்தான். பேரன், மூன்று கிலோ என்று மேடம் பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பு அடங்குவதற்குள் அவன் மெல்ல ஆரம்பித்தான்.

"மேடம், சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். பாடம் பண்ணின மிருகத்துல பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்து வந்துட்டா என்ன செய்யறது?"

"மருந்து அடிக்கக்கூடாது. நல்ல உறைகுளிர்ல ரெண்டு வாரம் வச்சா எல்லாம் அடங்கிடும். பெரிய மியூசியத்துல அதுக்குன்னு தனி அறையே உண்டு. நீ ஏன் கேக்கறே?"

"பரீட்சைக்குப் படிக்கிறேன் மேடம்."

"நல்ல பையன்," என்றார் மேடம்.

நெடுங்கடவில் உறைகுளிர் என்றால் ஒரே இடம்தான். கடற்கரைச் சாலையில் இருக்கும் ஐஸ் ஃபாக்டரி. அதன் மேற்பார்வையாளர் பத்ரோசுக்கு ரெஜித் போன் செய்தபோது பின்னால் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன.

"சேட்டா, எங்ககிட்ட ஒரு முதலை இருக்கு. ரெண்டு வாரம் உங்க குளிர் அறைல வைக்கணும்."

"முதலாளியா? அடப்பாவமே. எப்ப தவறினாரு?"

"அது ஆச்சு, நூறு வருஷம்."

"இத்தனை நாள் எங்க வச்சிருந்தீங்க?"

"கண்ணாடிப் பெட்டில. பூஞ்சை பிடிச்சிடுச்சு, அதான்."

போனை வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டதாகப் பத்ரோஸ் பிறகு சொன்னார். ரெஜித் நேரிலேயே போய் விஷயத்தைப் புரியவைத்தபோது, முதலாளி இல்லை முதலைதான் என்ற நிம்மதியில் அவர் வாடகைகூடக் கேட்காமல் ஒப்புக்கொண்டுவிட்டார்.

அடுத்த சிக்கல் சதாசிவன். சுமைதூக்கும் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். மியூசிய வாசலில் மினி லாரி வந்து நின்றதுமே நாலு தோழர்களோடு வந்துவிட்டார். சங்கத்துக்காரர்கள் தூக்காமல் நெடுங்கடவில் ஒரு தலையணைகூட லாரியில் ஏறாது. தூக்குவதற்கு அவர்கள் தயார். ஆனால் முதலைக்கு என்ன கூலி என்று சங்கத்தின் விதிகளில் இல்லை. மீன் கூலியா, மரச்சாமான் கூலியா, சவம் தூக்கும் கூலியா என்று வாசலிலேயே கூடி விவாதித்தார்கள். முதலை நீரில் வாழ்வதால் மீன் கூலிதான் என்றார் ஒருவர். உள்ளே வைக்கோல் அடைத்திருப்பதால் மெத்தைக் கூலி என்றார் இன்னொருவர்.

"சகாவே, மழை வருது," என்று ரெஜித் கெஞ்சினான்.

"அவசரப்பட்டா தப்பான முன்னுதாரணம் ஆயிடும்," என்றார் சதாசிவன். "நாளைக்கு நீங்க யானையைக் கொண்டுவருவீங்க."

கடைசியில் மெத்தைக் கூலி ஜெயித்தது. நாலு பேர் லேசாகத் தூக்கி லாரியில் வைத்தார்கள். குட்டப்பன் ஐஸ் ஃபாக்டரி போய்ச் சேர்ந்தான்.

அப்பாடா என்று ரெஜித் உட்கார்ந்த இரண்டாம் நாள் மீன் சந்தை காலியாகிவிட்டது. ஐஸ் ஃபாக்டரியில் முதலையை வெட்டி நெய்மீனோடு கலக்கிறார்கள் என்று ஊரெங்கும் பேச்சு. மீன்காரிகள் பத்துப் பேர் கூடையோடு மியூசிய வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவளான ரோசம்மா ரெஜித்தைப் பார்த்து, உன் முதலைக்குச் சளி பிடித்தால் எங்கள் பிழைப்பு ஏன் போக வேண்டும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. "அது ஆராய்ச்சியில் இருக்கிறது" என்று சொல்லப்போய், கூடையில் மிச்சமிருந்த மத்தி நாலைந்து அவன் சட்டைமேல் விழுந்தது.

பத்ரோசும் அவனும் கலந்துபேசி, குட்டப்பனைத் தார்ப்பாயில் சுற்றி யார் கண்ணிலும் படாத கடைசி அறைக்கு மாற்றினார்கள். அதை எடுத்தாகிவிட்டது என்று ஊருக்குச் சொன்னார்கள். மீன் விற்றது. ஆனால் எடுத்த முதலை எங்கே என்று ஜனங்கள் மியூசியத்துக்கு வர ஆரம்பித்தார்கள். காலிக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஒரு சின்னப் பெண் ஓவென்று அழுதாள். அதைச் சமாளிக்க ரெஜித் ஒரு போர்டு எழுதி வைத்தான்: 'குட்டப்பன் சிகிச்சையில் இருக்கிறான். விரைவில் திரும்புவான்.'

அதுவும் வினையாகிவிட்டது. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று கேட்டுப் போன் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தைகள் படம் வரைந்து அனுப்பினார்கள். ஆயுர்வேத வைத்தியர் ஒருவர் தைலத்தோடு வந்துவிட்டார். மூன்று வருடத்தில் வராத கூட்டம் அந்த இரண்டு வாரத்தில் காலிப் பெட்டியைப் பார்க்க வந்தது. சுகுணனுக்குப் பகல் தூக்கம் போய் உடம்பு இளைத்தது.

மேடம் வரும் நாளும் கலெக்டர் வரும் நாளும் ஒன்றாகவே அமைந்தது. அன்று காலை ரெஜித் லாரியோடு ஐஸ் ஃபாக்டரிக்குப் போனான். படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்த நேரம். பத்ரோசுக்குத் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை.

"உள்ள கடைசி ரூம்ல தார்ப்பாய் சுத்திக் கெடக்கு. எடுத்துட்டுப் போ. இனி என் கண்ணுல படாம இருந்தா போதும்," என்று முகவாயால் வழி காட்டினார்.

தூக்கும்போதுதான் சதாசிவனுக்குச் சந்தேகம் வந்தது. போகும்போது நாலு பேர் போதுமாக இருந்தது. இப்போது எட்டுப் பேர் மூச்சு வாங்கினார்கள்.

"இது மெத்தை இல்லை தோழரே," என்றார் சதாசிவன். "ரெட்டைக் கூலி ஆகும்."

மழையில் ஊறிய வைக்கோலில் ஐஸ் இறங்கியிருக்கிறது என்று ரெஜித் விளக்கினான். அவனுக்கே அந்த விளக்கம் பிடித்திருந்தது. ரெட்டைக் கூலிக்குச் சம்மதித்தான்.

தார்ப்பாயைப் பிரித்தபோது அவன் மலைத்துப்போனான். பூஞ்சை இருந்த இடமே தெரியவில்லை. மங்கிப் பழுப்பாக இருந்த தோல் கரும்பச்சையாக மின்னியது. ஒடுங்கிக் கிடந்த வயிறு திரண்டிருந்தது. எப்போதும் திறந்தே இருந்த வாய் மட்டும் மூடிக்கொண்டுவிட்டது. குளிரில் இறுகியிருக்கும் என்று நினைத்தான். பெட்டிக்குள் வால் அடங்கவில்லை. சுகுணன் மடக்கி உள்ளே தள்ளினார். ஒரு துளிப் பொடி உதிரவில்லை. படித்த பாடம் இவ்வளவு கச்சிதமாகப் பலித்ததை ரெஜித் சுகுணனிடம் இரண்டு தடவை சொன்னான்.

மத்தியானம் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கியது. அதை நாலு தடவை துடைத்தான். லேசாக நாற்றமும் இருந்தது. ஐஸ் ஃபாக்டரியில் மீனோடு கிடந்தால் வேறெப்படி இருக்கும். வாசனைக்கு ராமச்ச வேர்க் கட்டு ஒன்றைப் பெட்டிக்குப் பின்னால் செருகினான்.

மேடம் விமான நிலையத்திலிருந்து நேராக வந்தார். போர்டு, மீன்காரிகள், பஸ் எல்லாவற்றையும் வழியிலேயே ஆட்டோக்காரன் சொல்லியிருந்தான். ரெஜித்தை விழுங்குவது போல் பார்த்துக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்தவர் குட்டப்பனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வாய் தொறந்திருக்குமே?"

"குளிர்ல இறுகிடுச்சு மேடம்."

மேடம் தலையாட்டினார். குளிரில் எல்லாம் சுருங்கும் என்று அவரே பாடம் நடத்தியிருக்கிறார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்வதை ரெஜித் பார்த்தான்.

கலெக்டர் வந்தபோது கூடம் நிரம்பி வழிந்தது. சதாசிவன் தோழர்களோடு வந்திருந்தார். ரோசம்மாகூட மன்னித்து வந்திருந்தாள். முன்பு அழுத சின்னப் பெண், குட்டப்பன் குண்டாகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டாள். கலெக்டரம்மா பெட்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். மூக்கை லேசாகச் சுளித்தாலும் கண்ணில் வியப்பு இருந்தது.

"எத்தனையோ மியூசியம் பார்த்திருக்கேன். இவ்வளவு உயிரோட்டமா எங்கேயும் பார்த்ததில்லை. ஆத்து வாசனைகூட வருது."

"எல்லாம் இந்தப் பையன் வேலை மேடம்," என்றார் சத்யபாமா. "நான் ஒண்ணும் செய்யாதேன்னு சொல்லிட்டுப் போனேன். நல்லவேளை, கேக்கலை."

அந்த உதவியாளர் இடத்துக்கு இவனையே போட எழுதுங்கள் என்றார் கலெக்டரம்மா. கைதட்டல் எழுந்தது. சுகுணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சத்தத்தில் ஆபீஸ் அறையில் போன் அடித்தது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. ரெஜித் மட்டும் சிரித்த முகத்தோடு போய் எடுத்தான்.

"மியூசியம்தானே?" என்றது மறுமுனையில் ஒரு தயக்கமான குரல். "நான் அரசு கால்நடை டாக்டர் பேசறேன். உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்னு ஒரு சந்தேகம் கேக்கறேன். போன வாரம் அணை திறந்துவிட்டப்ப ஆத்துல செத்து ஒதுங்கின முதலைன்னு, ஃபாரஸ்ட்காரங்க ஐஸ் ஃபாக்டரில போட்டு வச்சிருந்ததை இப்பதான் எடுத்து அறுத்தேன். வயித்துல வேற ஒண்ணுமே இல்லை. முதலை வைக்கோல் திங்குமா சார்?"