இருளப்பன் எண்ணாமல் விட்ட ஆள்

மீட்புக் குழுத் தலைவருக்கான வெள்ளி விசில் தன் கழுத்தில்தான் தொங்க வேண்டும் என்று இருளப்பன் தீர்மானித்துவிட்டார். தோட்டத்தில் நடந்த மண்சரிவுப் பயிற்சியில், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணியவர் அவர்தான். பயிற்சிக்கு வந்தவர்கள் நாற்பத்து நான்கு பேர். பேர்ப் பட்டியலைப் பார்க்கவில்லை. மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் ஒரே எண் வந்தது. போதாதா?

"நாப்பத்தி மூணு. எல்லாரும் வந்தாச்சு, துரை."

தோட்ட மேனேஜரான துரை தலையாட்டினார். ஸ்ட்ரெச்சர்காரர்கள் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.

விடுபட்டது அவர் மனைவி அம்சவல்லி. அடிபட்டவளாக நடிக்கச் சொல்லி, ஆபீஸ் எழுத்தரான கிராணி சிவசாமி அவளைத் தேயிலைச் செடிக்கடியில் படுக்க வைத்துவிட்டு ஆபீசுக்குப் போயிருந்தார். ஒரு மணி நேரம் தூறலில் கிடந்தாள். பிறகு தானே எழுந்து, நடந்து வந்து, உலை வைத்தாள்.

சாயங்காலம் ஆளுக்கொரு கருத்துத் தாள் வந்தது. எது நன்று, எது குறை, யாரைத் தலைவராக்கலாம் என்று எழுதி ஒரு வாரத்தில் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் விசில்.

"அம்சு, குறைன்னு எதையும் எழுதிடாத."

"கால்ல அட்டை ஏறுச்சே, அதையுமா?"

"அட்டை எங்கயும்தான் ஏறும் லா."

"கட்டுன பொண்டாட்டிய எண்ணலியே?"

"நின்னவங்களத்தானே எண்ணுனேன். நீ படுத்திருந்த."

அம்சவல்லி யோசித்தாள். "ஒரு வாரம் தண்ணி நீங்க தூக்குங்க. வெறகும் நீங்க பொளங்க. ஒரு குறையும் எழுதல."

"சத்தியமா?"

"மாரியம்மா மேல சத்தியம். பாராட்டித்தான் எழுதுவேன்."

ஏழு நாள். இருபத்தெட்டு வாளி. முதுகு பிடித்துக்கொண்டாலும் கணக்குப் பிசகவில்லை.

எட்டாம் நாள் பெரட்டில் கிராணி அவள் தாளை உரக்கப் படித்தார்.

'என் வீட்டுக்காரரைப் போல அசையாமல் படுக்க இந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை. ஞாயிறுதோறும் பார்க்கிறேன். அடிபட்டவராக நடிக்க அவரே தகுந்தவர். எண்ணுகிற சின்ன வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். குறை ஒன்றும் இல்லை.'

துரை சிரித்துக்கொண்டே விசிலை அம்சவல்லியிடம் கொடுத்தார்.

அடுத்த மாதப் பயிற்சியில் இருளப்பன் அதே செடிக்கடியில் அசையாமல் படுத்திருந்தார். தூறல் போட்டது. காலில் ஏறிய அட்டைகளை எண்ணினார். ஐந்து. ஸ்ட்ரெச்சர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே விசில் ஒலித்தது. பிறகு அம்சவல்லியின் குரல் தெளிவாக மேலேறி வந்தது.

"நாப்பத்தி மூணு. எல்லாரும் வந்தாச்சு, துரை."