வெள்ளிக்கிழமையும் ஆட்டுக்குடல் தந்தியும்

ஆட்டுக்குடலைக் கண்ணில் ஒற்றிக் கும்பிட்ட சைவர் இலண்டன் மாநகரிலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். நோர்பரியில் பலசரக்குக் கடைக்கு மேலே, ஆட்டுக்குடலில் திரித்த தந்தி பூட்டும் பழங்காலக் கிற்றார்களும் லூட் என்ற பழைய ஐரோப்பிய நரம்பு வாத்தியங்களும் திருத்திய குதிரை அண்ணை. தந்திகளைக் கட்டும் பிரிட்ஜை வீணைக்காரர்போலக் குதிரை என்றே சொல்வார். வெள்ளைக்காரர்களும் பழகிப்போய், "குடிரை ப்ராப்ளம்" என்று வந்து நிற்பார்கள்.

வாத்தியத்தை வாங்கிக்கொண்டு சொந்தக்காரரை மாடிப்படியில் உட்கார வைப்பார். "உங்கடை பதட்டம் பலகைக்கு ஒத்துவராது." என்னை மட்டும் கீழே கடைக்கே அனுப்பிவிடுவார்.

ஆண்டு இரண்டாயிரத்துச் சொச்சம். மற்றப் பிள்ளைகள் வீணை பழக, என் மகள் அபி பள்ளிக்கூடம் இரவல் தந்த பழங்காலக் கிற்றார் வாசித்தாள். சனிக்கிழமை இசைக் கல்லூரித் தேர்வு. அந்த வாரம் பார்த்துக் கந்தசஷ்டி. சாமியறைக்குப் பக்கத்தில் ஆட்டுக்குடலா என்று யோசித்த என் கணவர், அபியிடம் கேட்காமலே குடல் தந்திகளைக் கழற்றி ஸ்டீல் தந்தி மாட்டி முறுக்கினார். அந்தக் காலத்துக் குதிரை வெறும் பசையில் நிற்பது. குடலின் மெல்லிய இழுப்புக்கு அது போதும், ஸ்டீலுக்குப் போதாது. 'டப்' என்று பறந்து முருகன் படத்தடியில் விழுந்தது. இப்போதும் சட்டிமூடி விழுந்தால் முதலில் முருகன் படத்தடியைத்தான் பார்க்கிறேன்.

கொண்டுபோய்க் காட்டியதும், குதிரை அண்ணை கிற்றாரின் மெல்லிய பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு என் கணவரிடம் கேட்டார்: "தம்பி, நீர் அப்பளத்திலை ஆணி அடிப்பீரோ?"

வியாழன் குதிரையை ஒட்டிவிட்டார். வெள்ளி மாலை அபியோடு போனேன். அண்ணைக்கு நெற்றி நிறைய விபூதி, கைகள் முதுகுக்குப் பின்னால்.

"வெள்ளியிலை நான் குடல் தொடுறேல்லை."

"நாளைக்குச் சோதினை, அண்ணை."

"ஓம். குடல் இழுபட்டு நிலைக்க ஓர் இரவு வேணும். இண்டைக்கே கட்டோணும். நீங்கள் கட்டுங்கோ."

"எனக்கும் வெள்ளிதானே? சஷ்டி விரதம் வேறை."

"தாய்க்கு வெள்ளி, செவ்வாய் இல்லை."

கட்டினேன். தந்தியைக் குதிரையின் துளைக்குள் விட்டு, மேலால் வளைத்து, அதன் அடியிலேயே செருகி. அவர் சொல்லச் சொல்ல, அவருடைய விரல்கள் முதுகுக்குப் பின்னால் காற்றில் முடிச்சுப் போட்டன. கடைசித் தந்தியில் முடிச்சு நழுவியது. மறுபடியும் கட்டினேன், மறுபடியும் நழுவியது. அபி அழத் தொடங்கினாள்.

அவர் கைகளை முன்னால் எடுத்தார். விரலால் ஒரு சுண்டு, முடிச்சு இறுகிவிட்டது.

"அண்ணை, வெள்ளி..."

"அம்மனிட்டை நான் கதைக்கிறன்," என்று கை கழுவப் போனார்.

அபிக்கு இடம் கிடைத்தது. அம்மனிடம் அவர் என்ன கதைத்தாரோ தெரியாது. வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால், வீட்டார் பெயர்களுக்கு முன்னால் "குதிரை அண்ணை" என்று இன்றும் சொல்கிறேன். வேறு பெயர் எனக்குத் தெரியாது. ஐயரும் இப்போது நட்சத்திரம் கேட்பதில்லை.