ஐந்துக்கு ஐந்து

கைக்குட்டை தேடப் போன இடத்தில் கம்பளிக் கோட்டு கிடைத்தால் யாருக்குத்தான் திக்கென்று இருக்காது?

அலமாரியின் அடித்தட்டில், பழைய போர்வைகளுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படக் கூடாதென்று சுருட்டி வைத்திருந்தார்கள். பெண்கள் போடுகிற கோட்டு. முழங்காலைத் தாண்டுகிற நீளம். விலைச்சீட்டைக்கூட இன்னும் பிய்க்கவில்லை. இந்த ஊரில் மழைக்காலத்தில்கூட மின்விசிறியை நிறுத்துகிற ஆள் கிடையாது. இதைப் போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் கடல் தாண்டித்தான் போக வேண்டும்.

கடல் தாண்டி ஆள் அனுப்புகிற திட்டம் ஒன்று, கோட்டைக் கண்டெடுத்தவருக்கு நன்றாகவே தெரியும். அது உருப்படியான திட்டமா இல்லையா என்று மதிப்பிடுகிற அதிகாரியே அவர்தான்.

இளைஞர் நலத்துறையில் அவருக்கு ‘அரை மார்க் சார்’ என்று பெயர். எந்தத் திட்டத்துக்கும் அவர் ஐந்துக்கு ஐந்து போட்டதில்லை. எவ்வளவு பிரமாதமாக நடந்தாலும் நாலரையோடு நிறுத்திவிடுவார். பிடித்து வைத்த அரை மார்க்குகளை எல்லாம் எந்த பேங்கில் போட்டிருக்கிறாரோ என்று ஆபீஸில் கேலி பேசுவார்கள். வீட்டிலும் அதே கதைதான். சாப்பாடு எப்படி என்று கேட்டால், “நல்லாத்தான் இருக்கு, ஆனா...” என்று இழுப்பார். அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் என்ன என்று கேட்பதை மனைவி கல்யாணமான வருஷமே விட்டுவிட்டாள்.

இப்போது அவர் மேஜையில் இருந்தது இருநாட்டு இளைஞர் கொள்கை ஒத்துழைப்புத் திட்டம். குளிர்நாடு ஒன்றோடு ஒப்பந்தம். இளைஞர்களுக்காக அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று இங்கிருந்து ஆட்கள் போய் ஆறு மாதம் தங்கிப் பார்ப்பார்கள். அங்கிருந்தும் வருவார்கள். பார்த்ததில் நல்லதை இரண்டு பக்கமும் கொள்கையாக்கிக் கொள்ள வேண்டும். இதனால் பத்துப் பைசா பிரயோஜனம் உண்டா என்று அவர் மார்க் போட வேண்டும். மூன்றுக்குக் கீழே போனால் திட்டத்துக்கு மூடுவிழா. தேர்வாகிக் கிளம்பக் காத்திருப்பவர்களும் பெட்டியை அவிழ்த்துவிட வேண்டியதுதான்.

அவருக்கு ஒரே மகள். இருபது வயது. கொஞ்ச நாளாகவே அவள் அறைக்குள் அம்மாவும் பெண்ணும் கதவைச் சாத்திக்கொள்வதும், உள்ளேயிருந்து போன் ஏதோ புரியாத பாஷையில் பாடம் நடத்துவதும், இரண்டு பேரும் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பதும் கேட்டுக்கொண்டிருந்தது. கோட்டைக் கண்டதும் எல்லாம் விளங்கிவிட்டது.

கோட்டை இருந்தபடியே சுருட்டி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். மனைவி அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கழுத்து விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். சாயங்காலங்களில் அவள் இளைஞர் மன்றத்தில் பெண்பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கிறாள்.

“என்னங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.”

“எதைப் பத்தி?”

“அந்த வெளிநாட்டுத் திட்டம்...”

“வேண்டாம், சொல்லாதே!” இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “அறிக்கை முடியறவரைக்கும் இந்த வீட்டுல யாரும் அதைப் பத்தி மூச்சு விடக் கூடாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா நான் மார்க் போட முடியாது. வேற ஆளுக்குப் போயிடும்.”

“அப்புறம் எப்பத்தான் சொல்றது?”

“அறிக்கை போகட்டும்.”

மனைவி பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போனாள். யாரும் சொல்லவில்லை, ஆகவே தனக்குத் தெரியாது என்று அவர் மனச்சாட்சிக்குச் சமாதானம் சொன்னார். மனச்சாட்சி நம்பவில்லை. ஆறு மாதம்! குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அங்கே யார் பார்ப்பார்கள்? சாயங்காலம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால், “அப்பா, என்ன வாங்கிட்டு வந்தீங்க?” என்று யார் ஓடி வருவார்கள்? அவள் ஓடி வந்து பத்து வருஷம் ஆகிறது என்பது வேறு விஷயம்.

திட்டத்தை ஒழித்துக்கட்டுவது என்று முடிவு செய்தார். நேர்மையாகத்தான். ஒழிய வேண்டிய காரணங்களைத் தேடிக் கண்டுபிடித்து.

முதலில் உதவியாளரைக் கூட்டிக்கொண்டு ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு இளைஞர் மன்றத்துக்குப் போனார். உதவியாளர் வேலைக்குப் புதுசு. யார் எது சொன்னாலும் எழுதிவிடுகிற பெண். குளிர்நாட்டில் மன்றத்தின் சாவியை இளைஞர்களிடமே கொடுத்துவிடுவார்களாம். பெரியவர்கள் யாரும் காவல் இருக்க மாட்டார்களாம். அந்தக் கொள்கையை இங்கே முதலில் கொண்டுவந்த இடம் இதுதான். உள்ளே ஒரு நாற்காலிகூட முழுசாக இருக்காது என்று ஆசையோடு படியேறினார்.

“சார், செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க,” என்றான் சாவி வைத்திருந்த நெட்டைப் பையன்.

தரை பளிச்சென்று இருந்தது.

“ஜன்னல் கண்ணாடி ஏதாவது உடைஞ்சுதா?” என்று கேட்டார்.

“ஒண்ணு உடைஞ்சுது சார்.”

அவர் முகம் மலர்ந்தது. “எழுதிக்கோம்மா. யார் உடைச்சது?”

“நான்தான். பந்து பட்டுடுச்சு. மறுநாளே நானே மாத்திட்டேன்.”

“சரி, சாவி உங்க கைக்கு வர்றதுக்கு முன்னால எத்தனை உடைஞ்சுது?”

“அப்ப கண்ணாடியே கிடையாது சார். எல்லாம் ஏற்கெனவே உடைஞ்சு போயிருந்துது.”

உதவியாளர் அதையும் எழுதிக்கொண்டாள். திரும்பும்போது, “சூப்பரா இருக்குல்ல சார்?” என்றாள். அவர் செருப்பைத் தேடினார். யாரோ அதை ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்திருந்தார்கள்.

இது சரிப்படாது என்று கேள்வியை மாற்றினார். போய்வந்தவர்களின் பெற்றோர்களை ஆபீஸுக்கு வரவழைத்து, “இந்தத் திட்டத்தால உங்க குடும்பத்துக்கு வந்த கெடுதல் என்ன?” என்று நேரடியாகவே கேட்டார். நாலைந்து பேர் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஓர் அம்மா மட்டும் தயங்கினாள்.

“கெடுதல்னு கேட்டா... ஒண்ணு இருக்குங்க.”

“பயப்படாம சொல்லுங்கம்மா.” நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பையன் அங்க போயிட்டு வந்ததிலேருந்து அவன் தட்டை அவனே கழுவறான். என்னையும் கூட உட்கார வெச்சுப் பரிமாறறான். இத்தனை வருஷம் அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்பிட்டுப் பழகிட்டேனா, உட்கார்ந்து சாப்பிட்டா எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுது. அதான் ஒரு மாதிரி இருக்கு.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உதவியாளர் மூக்கை உறிஞ்சினாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, தூசி விழுந்ததுபோல் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அன்றைக்கும் கைக்குட்டை இல்லை.

மிச்சம் இருந்தது ஒரே வழி. குளிர்நாட்டு மதிப்பீட்டு அதிகாரியோடு காணொளிக் கூட்டம். அங்கே வம்புக்கு இழுத்தால், இவரோடு எந்த ஒத்துழைப்பும் வேண்டாம் என்று அவர்களே ஒதுங்கிவிடுவார்கள்.

திரையில் வெள்ளைத் தலையும் சிரித்த முகமுமாக ஓர் அம்மையார் தோன்றினார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்.

“முதலில் உங்களுக்கு நன்றி சொல்கிறார்,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “போன அறிக்கையில் நீங்கள் எழுதிய பரிந்துரையை அவர்கள் நிறைவேற்றிவிட்டார்களாம். இளைஞர்கள் மட்டும் போதாது, இளைஞர்களோடு வேலை செய்கிறவர்களும் வர வேண்டும், அவர்களுக்கு வயது வரம்பு வேண்டாம் என்று எழுதியிருந்தீர்களாம்.”

அப்படி ஒன்று எழுதியதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பரிந்துரை என்ற தலைப்புக்குக் கீழே இடம் காலியாக இருந்தால் அசிங்கம் என்று எழுதியது.

“அது கிடக்கட்டும். உங்க திட்டம் சுத்த வீண்னு சொல்லுங்க!”

மொழிபெயர்ப்பாளர் எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னார். அம்மையார் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. ஏன் என்று கேட்டார்.

இவரோ காரணம் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார். “ஆறு மாசத்துல ஒருத்தர் என்னத்தைக் கத்துக்க முடியும்? பாஷை பிடிபடறதுக்குள்ள திரும்பி வந்துடறாங்க! அரைகுறை வேலை!”

அந்தப் பக்கம் பரபரப்பாக ஏதோ பேசிக்கொண்டார்கள். யாரோ கைதட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

“இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற அதிகாரியை இதுவரை பார்த்ததில்லையாம்,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “நீங்கள் சொன்னது முழுக்க நியாயமாம். இந்தத் தடவையிலிருந்தே ஆறு மாதத்தை ஒரு வருஷமாக்குகிறார்களாம். கூடுதல் செலவும் அவர்களுடையதாம்.”

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று அவருக்கு அன்றுதான் புரிந்தது.

அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார். மனைவி மன்றத்திலிருந்து இன்னும் வரவில்லை. மகளின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் கண்ணாடி முன்னால் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தளர்ந்த பொத்தான் ஒன்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டு அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. கையெல்லாம் உள்ளே போய் விரல்நுனிதான் தெரிந்தது. வளர்கிற பிள்ளை என்று பெரிதாக வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

சின்ன வயதில் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அவள் தூங்கிய பிறகும் விரலை விலக்க மனசு வராமல், ஆபீஸ் சட்டையோடு அப்படியே கிடப்பார். அந்த விரல்தான் இப்போது இன்னொரு பொத்தானைப் பிடித்திருக்கிறது. இதைத் தடுப்பதற்கா இவ்வளவு ஆட்டம் ஆடினோம் என்று வெட்கமாக இருந்தது. சத்தம் போடாமல் திரும்பிக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் அறிக்கையை எழுதினார். சாவி, கண்ணாடி, உட்கார்ந்து சாப்பிடுகிற அம்மா, எல்லாவற்றையும் கண்ட உண்மைப்படி எழுதினார்.

உதவியாளர் அச்செடுத்துக்கொண்டு வந்தாள். “சார், ஒரு தப்பு. மார்க்ல அஞ்சுன்னு விழுந்திருக்கு.”

“தப்பு இல்லம்மா.”

“அஞ்சுக்கு அஞ்சா?”

“ஆமா.” கையெழுத்துப் போட்டார். உதவியாளர் அதை அறை அறையாகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் அனுப்பினாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு கம்பளிக் குல்லா வாங்கினார். காதை மூடுகிற மாதிரி, சிவப்பில். கூடத்தில் மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

“அறிக்கை போயாச்சு,” என்றார். “அஞ்சுக்கு அஞ்சு.”

இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள்.

“என்னங்க, இப்பவாவது நான் அந்த விஷயத்தை...”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்கு எல்லாம் தெரியும். கோட்டைப் பார்த்துட்டேன்.” மனைவிக்கு முகம் சிவந்தது. “எனக்குக் கோவம் இல்ல. முதல்ல இருந்துது, இப்ப இல்ல. இப்ப ஆறு மாசம் இல்ல, ஒரு வருஷம். அதுக்கும் நான்தான் காரணம். பரவாயில்ல. நல்லா இருந்துட்டு வரட்டும்.”

மகள் பக்கம் திரும்பிக் குல்லாவை நீட்டினார்.

“நீ கவலைப்படாம போயிட்டு வாம்மா. வீட்டை நானும் அம்மாவும் பார்த்துக்கறோம். நீ இல்லாம கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா அம்மா கூட இருக்கா, சமாளிச்சுடுவேன். அவளை விட்டுட்டு மட்டும் என்னால ஒரு நாள்கூட இருக்க முடியாது. இதை அவகிட்ட நான் சொன்னதே இல்ல. அவளுக்கும் அஞ்சுக்கு அஞ்சுதான். எப்பவுமே அதுதான்.”

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், சிரித்தாள், மறுபடி துடைத்தாள். மேஜைமேல் இருந்த விசிலை எடுத்து எதற்கென்று தெரியாமல் திரும்ப அங்கேயே வைத்தாள்.

மகள் குல்லாவை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அம்மாவின் தலையில் மாட்டி, இரண்டு காதும் மூடும்படி இழுத்துவிட்டாள்.

“அளவு சரியாத்தான் இருக்கு. வயசு வரம்பு வேண்டாம்னு நீங்க எழுதினதாலதானேப்பா அம்மாவுக்கு அங்க இடமே கிடைச்சுது!”