தொடக்கக் கல்

மனிதகுலம் நெடுங்காலமாக விடை காணாமல் தவித்த ஒரு கேள்விக்கு, சேரம்பாடிக்கு மேலே உள்ள கரடிப்பாறை எஸ்டேட்டில் சென்ற மாதம் விடை தேடப்பட்டது. சிவப்புக் கார் சீக்கிரம் வேகம் எடுக்குமா, வெள்ளைக் கார் சீக்கிரம் வேகம் எடுக்குமா என்பதே கேள்வி.

சிவப்புக் கார் இளங்குமரனுடையது. அவர் தேயிலை ஃபேக்டரி மேற்பார்வையாளர். எஸ்டேட் நலச் சங்கத் தலைவர். வெள்ளைக் கார் ஆபீஸ் பெரிய கிளார்க் பிராங்ளினுடையது. அவர் சங்கச் செயலாளர். இரண்டும் நாலு பேர் முட்டி இடிக்க உட்கார்ந்து போகும் சாதாரணக் குடும்பக் கார்கள்தான். ஆனால் கம்பெனி கொடுத்த புத்தகத்தின்படி, நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடச் சிவப்புக்கு 12.4 வினாடி, வெள்ளைக்கு 12.9. அந்த அரை வினாடியில் இரண்டு குடும்பங்களின் மானம் மாட்டிக்கொண்டது. எஸ்டேட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு கார்களும் மூன்றாவது கியரைத் தாண்டியதில்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. தாண்டினால் வளைவில் தேயிலைக்குள் போய்விடும்.

இதற்காகக் கூட்டப்பட்ட அவசரக் கூட்டத்தில் அழகர்சாமி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் சங்கத்து ஜீப்பின் டிரைவர். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் யாருக்கு முடியாமல் போனாலும் அவன்தான் கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த ஜீப்பின் பிரேக்கை நாலு முறை மிதித்தால் ஒரு முறை பிடிக்கும். கை பிரேக் அழகுக்கு இருந்தது. கியரில் போட்டு நிறுத்தினாலும் நழுவும். ஆகவே எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கு ஒரு கல். மலையில் டிரைவர்கள் ஒருவர் கல்லை ஒருவர் கிளப்பிக்கொண்டு போவது உண்டென்பதால், அவன் தன் கல்லின் அடியில் பச்சை பெயின்டில் 4417 என்று வண்டி நம்பரை எழுதி வைத்திருந்தான்.

பிரேக் மாற்றச் சொல்லி அவன் மனுக் கொடுத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அன்றைய நிகழ்ச்சி நிரலில் அது ஒன்பதாவது பொருள். முதல் எட்டும் கார் பற்றியவை. எட்டாவது முடிந்ததும் டீ வந்தது. டீ முடிந்ததும் கூட்டம் முடிந்தது.

"ஏனுங்க, நம்ம பிரேக் விசயம்?" என்று அவன் வாசலில் கேட்டான்.

"அழகர்சாமி, பெரிய விசயம் ஓடிட்டிருக்கு. நடுவுல நிறுத்தாதீங்க" என்றார் பிராங்ளின்.

எஸ்டேட்டில் நேரான ரோடு ஒன்றே ஒன்றுதான். எடைக் கொட்டகையிலிருந்து டிஸ்பென்சரி வளைவு வரை, லேசான இறக்கம். அங்கே நூறு எட்டாது என்பதால், விஞ்ஞானத்துக்குச் சிறு சலுகை அளித்து ஐம்பது போதும் என்று தீர்மானித்தார்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கயிறு கட்டி ரோடு மூடப்பட்டது. டிஸ்பென்சரி நர்ஸ் ஃபெபி கையில் செல்போனுடன் 'காலக் கணிப்பாளர்' ஆனாள்.

ஒன்பதே காலுக்கு அழகர்சாமியின் ஜீப் வந்து கயிற்றுக்கு முன்னால் நின்றது. பின்சீட்டில் கொழுந்து பறிக்கும் லீலாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். விடியற்காலையிலிருந்து வாந்தி. அவன் முன்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் கேட்கத் தலைவரிடம் ஓடினான்.

"பத்தே நிமிசம்" என்றார் இளங்குமரன். "புள்ளி விவரத்துக்கு நடுவுல வண்டி விட்டா கணக்கு கெட்டுடும்."

"வலி பொறுக்க முடியலைங்க அந்தம்மாவுக்கு."

"நாங்க மட்டும் என்ன, ஆறு மாசமா பொறுத்துட்டுதானே இருக்கோம்?"

இதற்குள் ஒரு தொழில்நுட்பச் சிக்கல். கார்கள் புறப்பட வேண்டிய இடத்தில் போட்ட சுண்ணாம்புக் கோட்டை மூடுபனி ஈரம் கரைத்துவிட்டது. கோடு இல்லாமல் ஒப்பீடு ஏது? தலைவரும் செயலாளரும் ஒரு நல்ல கல்லைத் தேடிப் புறப்பட்டார்கள். அழகர்சாமி ஃபெபியிடம் போய் மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர்களுக்குக் கைக்கு அடக்கமாக, தட்டையாக, சக்கரத்துக்கென்றே செய்தது போல ஒரு கல் கிடைத்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்து ரோட்டோரம் வைத்தார்கள். காரில் ஏறினார்கள். கயிறு அவிழ்ந்தது. விசில் ஒலித்தது.

சிவப்புக் கார் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. தலைவர் பதற்றத்தில் மூன்றாவது கியரில் எடுத்திருந்தார். வெள்ளைக் கார் அசையவே இல்லை. இறக்கத்தில் நிற்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து வைக்கும் மலை வழக்கப்படி செயலாளர் அணைத்து வைத்திருந்தார். திரும்பப் போட மறந்துவிட்டார்.

அப்போது இரண்டுக்கும் நடுவே, அதுவரை கயிறு தாங்கி நின்ற ஜீப், டிரைவர் இல்லாமல், சத்தமும் இல்லாமல் போயிற்று.

அழகர்சாமி ஓடினான். ஜீப்பை எட்ட முடியவில்லை. வளைவில் அது திரும்பாமல் நேரே தேயிலைக்குள் ஏறி, நாலு வரிசைச் செடியைப் படுக்க வைத்துவிட்டு நின்றது. லீலாவதி பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு வந்திருந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே தவறான பக்கம் மடங்கியிருந்தது. "யாருண்ணே வண்டிய விட்டது?" என்றாள். அவனுக்குத் தெரியவில்லை.

அவளை எதில் கொண்டுபோவது என்று கேள்வி வந்தது. சிவப்புக் காரில் சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. வெள்ளைக் காரில் வாந்தி வாடை ஒரு தடவை ஏறினால் போகாது. கொழுந்து ஏற்றும் டிராக்டரில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து அழகர்சாமி அவளைக் கூடலூருக்குக் கொண்டுபோனான்.

சங்கத்தின் ஆய்வறிக்கை ஒரே வாரத்தில் வெளியானது. இவ்வளவு விரைவாகச் சங்கம் எதையும் செய்ததில்லை. 'இரு கார்களும் சமபலம் கொண்டவை' என்றது அறிக்கை. ஜீப், ஒரு பயணியுடன், எரிபொருள் இன்றி வளைவை அடைந்தது அடிக்குறிப்பாகச் சேர்க்கப்பட்டது. இத்தனை சிறப்பாக ஓடும் வண்டிக்குப் பழுது நீக்கம் தேவையில்லை என்று ஒன்பதாவது பொருளும் முடித்து வைக்கப்பட்டது. வரலாற்றுச் சிறப்பு மிக்க அந்தத் தொடக்கக் கல் வெள்ளையடிக்கப்பட்டு, சங்க ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளைத் தகட்டுடன் வைக்கப்பட்டது. அழகர்சாமிக்கு மெமோ வந்தது: கல் வைக்காமல் வண்டியை நிறுத்தியதற்காக ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது?

விசாரணைக்கு மேனேஜரே சங்க ஹாலுக்கு வந்தார். தலைவரும் செயலாளரும் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"கல்லு வெச்சேனுங்க, தொரை" என்றான் அழகர்சாமி.

"வெச்ச கல்லு எங்கே போச்சு?" என்று கேட்டார் பிராங்ளின். "எடுத்தது யாரு? சாட்சி இருக்கா?"

அழகர்சாமி சுற்றிலும் பார்த்தான். மெமோ வந்ததிலிருந்து ரோட்டோரம் முழுக்க அவன் தேடியாகிவிட்டது. ஹாலுக்குள் மட்டும் அதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறான். கண்ணாடிப் பெட்டிக்குப் போனான். மூடியைத் தூக்கினான். கல்லைப் புரட்டினான். அடியில் வெள்ளையடிக்கவில்லை. பச்சையில் 4417.

மேனேஜர் எழுந்து வந்தார். பித்தளைத் தகட்டை உரக்கவே படித்தார்: "இக்கல்லைத் தேடிக் கண்டெடுத்து, தம் கைகளாலேயே தூக்கி வைத்தவர்கள்: தலைவர் திரு. இளங்குமரன், செயலாளர் திரு. பிராங்ளின்."

அழகர்சாமி கல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறகு தகட்டையும் ஆணியோடு பிடுங்கினான்.

"அது எதுக்குய்யா?" என்றார் இளங்குமரன்.

"கல்லு வண்டிக்குங்க. தகடு ஆஸ்பத்திரிக்கு. யாருன்னு லீலாவதி தெனமும் கேக்குறாங்க."