கதவுள்ள அறையும் கண்ணாடிக் கம்பியும்

வீட்டு நெட்வொர்க்கின் வேகத்தைப் பத்து மடங்காக்கியே தீருவது என்று பிழைதிருத்துநர் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. வயிறு நிறைந்தபின் எடுக்கிற முடிவுக்கு யோசனை குறைச்சல். அச்சகத்தில் ஊரார் பிழையெல்லாம் அவர் கண்ணில் படும். தன் பிழை மட்டும் அச்சேறிய பிறகுதான் தெரியும்.

அந்த வீட்டில், குளியலறையை விட்டால், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடக்கூடிய அறை ஒன்றே ஒன்று. பின்னறை. அதை அவர்தான் ஆண்டு வந்தார். அவர் மனைவி துணி தைப்பவள். அவளுடைய தையல் மெஷின் சமையலறைக்கு வெளியே நடைவழியில் நின்றது. அளவு கொடுக்க வருகிற பெண்கள் ஒரு திரைக்குப் பின்னால், யாராவது தண்ணீர் குடிக்க வந்துவிடுவார்களோ என்று பயந்தபடியே கையைத் தூக்குவார்கள்.

"அந்த ரூமை எனக்குக் குடுங்களேன்" என்று அவள் கேட்காத மாதம் இல்லை. அவரும் பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

"சர்வர் அங்க இருக்கும்மா. லைன் ஆமை வேகம். நான் பக்கத்துலயே உக்காந்தாதான் வேலை ஆகும்."

சர்வர் என்பது ஒரு கறுப்புப் பெட்டி. குடும்பப் புகைப்படங்கள், வீடியோக்கள், பார்க்கப் போகிற சினிமாக்கள், பார்க்கவே போகாத சினிமாக்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் என்ன செய்தார் என்றால், பெரும்பாலும் தூங்கினார். ஆமை வேகம் அவரை அப்படிக் காப்பாற்றி வந்தது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆமையை முயலாக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியது.

மனைவியிடம் பேச ஏழு நியாயங்களைத் தயார் செய்துகொண்டு நடைவழிக்கு வந்தார். அவள் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வீடியோவ அந்தப் பெட்டியில போடறதுக்குள்ள எனக்கு வயசாயிடுது."

"அது போடலைன்னாலும் ஆகும்."

"புதுசா ஒண்ணும் வாங்க வேணாம். பெரிய ஆபீஸ்கள்ல கழட்டிப் போட்ட பழைய சரக்கே கிடைக்குது. அது வந்துட்டா, பெட்டி எங்கயோ இருந்தாலும் மடியில இருக்கிற மாதிரி."

மெஷின் நின்றது.

"எங்க இருந்தாலுமா?"

"எங்க இருந்தாலும். இந்தக் கோடியில பெட்டி, அந்தக் கோடியில நான். வித்தியாசமே தெரியாது."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்போ வாங்கிடுங்க."

மிச்சம் நாலு நியாயங்கள் வாய்க்குள்ளேயே நின்றுபோயின. இவ்வளவு சுலபமாக ஜெயித்துப் பழக்கமில்லாததால் அவருக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற கடைக்காரரைப் போனில் பிடித்தார்.

"கம்ப்யூட்டர்களைப் பத்து மடங்கு வேகத்துல இணைக்கிற ஸ்விட்ச் பெட்டி, புதுசு என்ன விலைங்க?"

கடைக்காரர் சொன்ன விலைக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கலாம்.

"பழசு?"

"பாதி விலை. ஆனா அதுக்குள்ள இருக்கிற ஃபேன் போடுற சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. உங்ககிட்ட மொத்தம் எத்தனை கம்ப்யூட்டர்?"

"ஒரு சர்வர், ஒரு கம்ப்யூட்டர்."

"ரெண்டே ரெண்டுக்கு எதுக்குங்க ஸ்விட்ச்? அதுல ஒரு நெட்வொர்க் கார்டு, இதுல ஒரு கார்டு, நடுவுல நேரா ஒரு கேபிள். முடிஞ்சுது. பக்கத்துல பக்கத்துலன்னா குட்டிச் செம்புக் கேபிள் போதும். தூரம்னா கண்ணாடிக் கம்பி, ரெண்டு முனையிலயும் மாட்ட மாட்யூல்னு ஒரு குட்டிச் சொருகி வேணும். எல்லாம் கழட்டின சரக்குதான், பெரிசா வித்தியாசம் வராது."

"பக்கத்துலதான். குட்டி கேபிளே போதும்."

விலை கேட்கிற கட்டம் வந்ததும், வழக்கம்போல் போனை மனைவியிடம் நீட்டினார். பேரம் பேசுவது அந்த வீட்டில் அவள் இலாகா. அவர் பேசினால் விலை ஏறும். அவள் போனோடு பின்னறைப் பக்கம் போனாள், சமையலறைப் பக்கம் வந்தாள், கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாள், மறுபடி கழுத்தில் போட்டாள்.

"குறைச்சிட்டேன்" என்றாள் திரும்பி வந்து. அவருக்குப் பெருமையாக இருந்தது.

பார்சல் வந்தது. கார்டு இரண்டும் சரி. கூடவே இரண்டு மாட்யூல்கள். குட்டி கேபிளுக்குப் பதில், நீல நிறத்தில் மெல்லிய கம்பி ஒன்று பெரிய வளையமாகச் சுருண்டிருந்தது.

"மாத்தி அனுப்பிட்டான். திருப்பி அனுப்பணும்."

"நான்தான் நீளமா அனுப்பச் சொன்னேன். துணின்னா எப்பவும் கூடத்தான் எடுக்கணும். பத்தலைன்னா இதை வீட்ல ஒட்டுப் போட முடியுமா?"

முடியாது. அது கண்ணாடி இழை. துணி தைக்கிறவளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று வியந்தபடியே இரண்டு கார்டுகளையும் பொருத்தினார். கம்பியை அழுத்தி மடிக்கக் கூடாது, வளைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அவளுக்குப் பாடம் வேறு எடுத்தார். மற்றதை மறுநாள் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தவர் நேரே பின்னறைக்குப் போனார். அவர் நாற்காலி இருந்த இடத்தில் தையல் மெஷின் இருந்தது. துணி வெட்டுகிற மேசைக்கடியில் சர்வர் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய கண்ணாடிக் கம்பி சுவரின் மேலோரமாக, ஒரு மூலையிலும் மடங்காமல், அழகாக வளைந்து வளைந்து ஓடியது. அடிக்கொரு இடத்தில் அதைத் தாங்க வெட்டுத் துணியில் குட்டிக் குட்டி வளையங்கள். பின்னாலேயே போனார். கம்பி நடைவழியைத் தாண்டிச் சமையலறைக்குள் இறங்கி, பால் காய்ந்துகொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் போட்டிருந்த அவர் கம்ப்யூட்டர் மேசையில் முடிந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி.

"என்னம்மா இது? நான் சர்வர் பக்கத்துல இருக்கணுமே."

"எதுக்கு? எங்க இருந்தாலும் மடியில இருக்கிற மாதிரின்னு சொன்னீங்க."

"சர்வர் சத்தம் போடுமே, உனக்குத் தொந்தரவா..."

"என் மெஷின் சத்தத்துல அது எங்க கேக்கப் போகுது?" அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "வர்ற பொண்ணுங்க ஒவ்வொருத்தியும் கூச்சப்பட்டு நிக்கறதப் பாத்து எனக்கு வெக்கமா இருக்குங்க. எனக்கு அந்தக் கதவு வேணும்."

அவரிடம் அந்த ஏழில் மீதி நாலு இருந்தன. எல்லாம் வேகத்தின் அருமையைச் சொல்பவை. ஒன்றுகூட இப்போது உதவாது. தவளை தன் வாயால் கெடும் என்று நினைத்துக்கொண்டே மேசைக்கு முன் உட்கார்ந்து, கம்பியின் முனையைச் சொருகினார். ஒரு சினிமாவை அனுப்பிப் பார்த்தார். எவ்வளவு போயிருக்கிறது என்று திரையில் காட்டும் கோடு ஒரே பாய்ச்சலில் மறுகோடியைத் தொட்டது. நம்ப முடியாமல் இன்னொன்றை அனுப்பினார். அதுவும் பாய்ந்தது. அந்தத் துக்கத்திலும் அவருக்குச் சந்தோஷமாக இருந்ததை மறைக்க முடியாது.

பின்னறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"வேகம் வந்துடுச்சாங்க?"

"பத்து மடங்கும்மா."

"அப்போ பால் பொங்கறதுக்குள்ள அடுப்ப அணைச்சிடுவீங்க."