டொக்டர்ஃபாட்டர் பெண் பார்த்தது

ஹம், ஜெர்மனி,
சனிக்கிழமை

பாரிஸில் வாழும் அன்பிற்குரிய குணேஸ்வரி சின்னம்மாவுக்கு,

வணக்கம். நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நாங்கள் சுகமில்லை, அதிர்ச்சியில் இருக்கிறோம். நடந்ததை ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல், உண்மையாக எழுதப்போகிறேன். ஏனென்றால் லக்சிகா அக்காவுக்கு டொக்டர் மாப்பிள்ளை சரிவந்துவிட்டது என்று அம்மா உங்களுக்குச் சொன்னது உண்மையில்லை.

பிழை ஒரு ஜெர்மன் சொல்லில் தொடங்கியது. முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரை இங்கே டொக்டர்ஃபாட்டர் என்பார்கள். ஃபாட்டர் என்றால் தகப்பன். பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஓர் ஆய்வுகூடத்தில் நுரை எப்படி உடைகிறது என்று ஆராய அக்கா விண்ணப்பித்திருந்தார். போன கிழமை சமையலறைக்கு ஓடிவந்து, "அம்மா, டொக்டர்ஃபாட்டருக்கு என்னைப் பிடிச்சிட்டுது! சனிக்கிழமை வீடியோவில பாக்க வாறாராம்!" என்றார். அம்மா பேக்கரியில் இருபது வருடமாக ஜெர்மன் பேசுகிறவர்தான். ஆனால் பாண் வாங்க வருகிறவர்கள் இந்தச் சொல்லைச் சொல்வதில்லை. டொக்டர் மாப்பிள்ளையின் தகப்பன் என்று விளங்கிக்கொண்டார்.

"பிரான்சிலயோ பிள்ளை?"

"ஓம் அம்மா. மூண்டு வருச ஒப்பந்தம்."

"மூண்டு வருசமோ! அதுக்குப் பிறகு?"

"பிறகு வேறை ஆளைப் பாக்கவேணும். எல்லாரும் அப்பிடித்தான்."

அம்மா வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். பிரான்சில் கலியாணமும் மூன்று வருட ஒப்பந்தம்தானோ என்று அன்று உங்களிடம் விசாரித்தபோது, "ஓம், இஞ்ச இப்ப காலம் அப்பிடி" என்று நீங்களும் சொன்னீர்களாம், சின்னம்மா.

இன்று நேர்காணல். இதில் தவறினால் இந்த வருடம் இடமில்லை என்று அக்கா இரவிரவாகப் படித்திருந்தார். அம்மா சாறி உடுக்கச் சொன்னார். பிரெஞ்சுக்காரருக்கு மரியாதையாக்கும் என்று அக்காவும் உடுத்தார். திரையில் பேராசிரியரும், கிரிதர் என்ற அவருடைய ஆராய்ச்சி மாணவரும் தோன்றினார்கள். அக்கா நுரையைப் பற்றி வாய் திறக்க முன்னரே அம்மா உளுந்து வடைத் தட்டத்துடன் உள்ளே வந்து, கமராவுக்கு வடையைக் காட்டி, ஜெர்மனில், "உங்கள் மகனுக்கு எத்தனை வயது?" என்று கேட்டார். பேராசிரியருக்கு ஜெர்மன் தெரியும். "ஆறு" என்றார்.

"ஐயோ! ஆறு வயதோ! எங்கட பிள்ளைக்கு இருபத்தஞ்சு!"

"ஆன்ட்டி, சாரோட பையன் ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்ட் படிக்கிறான். இது இன்டர்வியூ ஆன்ட்டி!" என்றார் கிரிதர், கோயம்புத்தூர்த் தமிழில்.

டொக்டர்ஃபாட்டர் என்றால் படிப்புக்கு வழிகாட்டுகிறவர் என்று அக்கா விளக்க, கதவுக்குப் பின்னால் கோட் சூட்டுடன் நின்ற அப்பா, "படிக்கிறதுக்கு வேறை ஒரு தகப்பனெண்டால், அப்ப நான் ஆர்?" என்று கேட்டார். அக்கா அழுதுவிட்டார். பேராசிரியரோ தட்டத்தைக் காட்டி அது என்னவென்று கேட்டார். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, உளுந்தை அடிக்க அடிக்க மாவுக்குள் காற்று எப்படிச் சிறைப்படுகிறது, எண்ணெயில் அது ஏன் உடைவதில்லை என்று சொன்னார். சொல்லிக்கொண்டே போனார். பேராசிரியர் குறித்துக்கொண்டே இருந்தார்.

ஆகவே தயவுசெய்து நீங்கள் பதிந்த கலியாண மண்டபத்தை நிற்பாட்டுங்கோ, கூறைச் சாறியைத் திருப்பிக் குடுங்கோ, லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் சொன்னவர்களிடம் இல்லையென்று சொல்லுங்கோ. எல்லாருக்கும் என் அன்பு.

உங்கள் பெறாமகள்,
ஆரபி

பி.கு.: இப்போதுதான் மின்னஞ்சல் வந்தது. அக்காவுக்கு இடம் கிடைத்துவிட்டது! மண்டபத்தை நிற்பாட்ட வேண்டாம் என்கிறார் அம்மா. கிரிதர் எந்த ஆட்கள், வடை சாப்பிடுவாரோ என்று நீங்கள் விசாரிக்கவேணுமாம். இதை அக்காவுக்குச் சொல்லக்கூடாதாம். நான் உண்மையை எழுதுவதாக வாக்களித்திருக்கிறேன் என்றேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.