பியோன் ஹக்சு தன் வீட்டுக் கணினிக்குத் தடுப்பூசி போட்ட வரலாறு

பொதுமக்களின் நலனைக் கருத்தில் கொண்டு தென்கொரியாவின் ஹேசொங் நகராட்சி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. உணவுக்கடை நடத்துவோர் யாவரும் தத்தம் உரிமத்தை வீட்டுக் கணினி வழியாகவே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணியோடு காலக்கெடு முடிகிறது. தவறுவோர் திங்கட்கிழமை கடை திறக்கலாகாது. மக்கள் நலன் என்று தொடங்கும் எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் வயிற்றைக் கலக்கும் வியாதி கொரியர்களுக்கும் உண்டு.

ஓக் கும்ரேவுக்குக் கலக்கியது. மீன் சந்தைக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக மாண்டு என்கிற கொரியக் கொழுக்கட்டை அவித்து விற்கிறாள். பன்றி இறைச்சியும் பூண்டுத் தழையும் வைத்த அவளுடைய மாண்டுக்காகக் காலையில் ஆறு மணிக்கே படகுக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். கணினி சமாச்சாரம் மட்டும் அவளுக்கு ஆகாது. அந்தப் பொறுப்பைக் கணவர் பியோன் ஹக்சுவிடம் ஒப்படைத்தாள். ஹக்சு ஓய்வுபெற்ற நகரப் பேருந்து ஓட்டுநர். தினம் நாலு மணி நேரம் கணினியில் பதுக் என்ற கறுப்பு வெள்ளைக் காய் ஆட்டம் ஆடுகிறவர் என்பதால் குடும்பத்தின் கணினி நிபுணர் அவர்தான்.

புதன்கிழமை மதியம் நிபுணர் நகராட்சியின் தளத்தைத் திறந்தார். "மதிப்புக்குரிய குடிமகனே, தங்கள் கணினியில் தடுப்பூசி காணப்படவில்லை. சான்றளிக்கப்பட்ட தடுப்பூசி ஒன்றை நிறுவிய பின் வருகை தருக" என்றது தளம். வைரஸைத் தடுக்கும் மென்பொருளுக்கு அந்த நாட்டில் தடுப்பூசி என்றுதான் பெயர். கீழே 'சான்றளிக்கப்பட்ட தடுப்பூசிகளின் பட்டியல்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினார். தங்கள் கணினியில் தடுப்பூசி காணப்படவில்லை என்றது அதுவும்.

ஹக்சு தொலைபேசியை எடுத்தார். தகவல் பாதுகாப்புப் பிரிவின் உதவி அலுவலர் தாக் இன்பே பேசினார். குரலிலேயே இஸ்திரி போட்டிருந்தது.

"பட்டியல் எங்க தளத்துலயே இருக்கு ஐயா."

"தடுப்பூசி இல்லாம பட்டியல் திறக்க மாட்டேங்குது சார்."

"அப்ப தடுப்பூசியப் போட்டுட்டுத் திறங்க."

"எதைப் போடணும்னு பட்டியலப் பாத்தாத்தானே தெரியும்?"

"கரெக்ட். அதுக்குத்தான் பட்டியல் வெச்சிருக்கோம்."

ஹக்சு இருபத்தெட்டு வருடம் நெரிசலில் பேருந்து ஓட்டியவர். பொறுமைக்குப் பஞ்சமில்லை. "நீங்களே ஒரு பேரு சொல்லிடுங்க சார், புண்ணியமாப் போகும்."

"ஒரு நிறுவனத்தோட பேரை நான் சொன்னா அது பாரபட்சம் ஐயா."

"அப்ப எல்லாப் பேரையும் படிங்க."

"பாதுகாக்கப்பட்ட ஆவணத்தத் தொலைபேசியில வாசிச்சா தகவல் கசிவு."

"என் கைபேசியில விண்ணப்பம் போடலாமா?"

"கைபேசி நம்பத்தகாத கருவி. நீங்க இப்ப எதுல பேசுறீங்க?"

"கைபேசியில."

"அப்ப நான் வெச்சிடுறேன்" என்று தாக் இன்பே வைத்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் ஹக்சு அடுக்குமாடிக் குடியிருப்பின் தலைவி யும் போக்ஜாவிடம் போனார். நாய்க்குச் சட்டை போடுவது முதல் சுருக்கம் போக நெற்றியில் ஊசி குத்திக்கொள்வது வரை அந்தக் குடியிருப்பில் எது நாகரிகம் என்று தீர்மானிப்பது அந்த அம்மாள்தான். தடுப்பூசி விஷயத்திலும் அங்கே சாதி பிரிந்து கிடந்தது. மேல்மாடிப் பெரிய வீட்டுக்காரர்கள் 'பனிக்கரடி' என்ற வெளிநாட்டுத் தடுப்பூசி வைத்திருந்தார்கள். நடுமாடிகளில் உள்நாட்டு 'இரும்புக் கதவு'. கீழ்மாடிகளில் இலவசமாகக் கிடைத்த 'மூன்றாம் கண்'.

"உங்க வீட்டுல எதுவுமே இல்லையா?" என்று யும் போக்ஜா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். வீட்டில் தொற்றுநோய் இருக்கிறதா என்று விசாரிப்பதுபோல இருந்தது.

"இதுவரைக்கும் அவசியப்படல தலைவியம்மா."

"போன மாசம் நாலாவது மாடிப் பொண்ணப் பார்க்க வந்தாங்களே, மாப்பிள்ளையோட அம்மா கேட்ட முதல் கேள்வியே அதான். இலவச ஊசின்னு தெரிஞ்சதும் தேநீரக்கூடக் குடிக்காம எழுந்துட்டாங்க."

ஹக்சுவுக்கு மானம் போயிற்று. ஒன்றுக்கு மூன்றாக இருந்தால் ஒருவன் என்ன சொல்லிவிட முடியும்? அன்று மாலைக்குள் மூன்றையும் போட்டுவிட்டார்.

ஒரு வீட்டில் மூன்று மாமியார்கள் குடியேறினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. பனிக்கரடி, இரும்புக் கதவை வைரஸ் என்று அறிவித்துச் சிறைப்படுத்தியது. மூன்றாம் கண் பனிக்கரடியைப் பிடித்துக்கொண்டது. சிறைக்குள் இருந்தபடியே இரும்புக் கதவு மற்ற இரண்டையும் பற்றி நிமிடத்துக்கு ஒரு புகார் எழுதியது. கணினி சுடத் தொடங்கியது. கும்ரே தொட்டுப் பார்த்தாள்.

"இதுமேல தட்டை வெச்சா மாண்டு வெந்துடும்ங்க."

"வேலை நடக்குது, சும்மா இரு."

"வெள்ளிக்கிழமைக்கு நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. திங்கக்கிழமை நான் கடையத் திறக்கணும். சொல்லிட்டேன்."

பழைய உரிமத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஹக்சு அதைப் பார்த்தார். வியாழன் முழுதும் போராடியும் தளம் அசையவில்லை. வெள்ளிக்கிழமை காலை கணினியைப் போர்வையில் சுற்றி, தாம் ஓட்டிய அதே பேருந்துத் தடத்தில் பயணியாக ஏறி, மடியில் வைத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனார்.

தாக் இன்பே கணினியை ஆராய்ந்தார். "ஒண்ணுக்கு மேல தடுப்பூசி இருந்தா தளம் அனுமதிக்காது ஐயா. அது விதி மீறல்."

"சரி, உங்க கணினியிலயே என் விண்ணப்பத்தப் போட்டுடுங்க. கையோட போயிடுறேன்."

"இதுல முடியாது."

"ஏன்?"

தாக் இன்பே சுற்றும் முற்றும் பார்த்தார். "இதுல தடுப்பூசி கிடையாது. போட்டா வேகம் குறையுது. அலுவலகத்துக்குள்ள வைரஸ் நுழையக் கூடாதுன்னு ஏற்கெனவே சுற்றறிக்கை விட்டிருக்கோம், அதனால அவசியமும் இல்ல."

"அப்ப நீங்க தளத்துக்குள்ள போறதே இல்லையா?"

"ஒரு மாசமா யாரும் போகல."

"இதுவரைக்கும் எத்தனை பேர் விண்ணப்பிச்சிருக்காங்க?"

"ஒருத்தரும் இல்ல. ஒரு வைரஸும் வரல. மாகாணத்துலயே பாதுகாப்பான நகராட்சின்னு எங்களுக்குக் கேடயம் தரப் போறாங்க."

ஹக்சு போர்வையை மடித்தார். "அப்படின்னா திங்கக்கிழமை ஊர்ல ஒரு கடையும் திறக்காது."

"விதிப்படி திறக்காது" என்றார் தாக் இன்பே. பிறகு மனிதராகி, தணிந்த குரலில் சொன்னார்: "ஆனா மூடச் சொல்ற உத்தரவும் அந்தத் தளம் வழியாத்தான் வரணும். அதனால வராது. உங்க வீட்டம்மாவ தைரியமாத் திறக்கச் சொல்லுங்க. மத்தியானம் நாங்களே சாப்பிட வருவோம்."

ஹக்சு நிம்மதியாக வீடு திரும்பினார். மின்தூக்கியில் யும் போக்ஜா நின்றிருந்தாள், கூட நாலைந்து பேர். போர்வைப் பொதியைப் பார்த்து, "நகராட்சியில முடிஞ்சுதா? எந்த ஊசிய ஒத்துக்கிட்டாங்க?" என்று கேட்டாள்.

முடியவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மூன்றில் எதைச் சொன்னாலும் இரண்டு மாடிகளின் பகை. பதுக் ஆட்டத்தில் எதிரியைக் குழப்ப ஒரு காயைச் சம்பந்தமில்லாத மூலையில் வைப்பார்களே, அப்படி வாயில் வந்ததைச் சொன்னார். "வடமீன். நட்சத்திரத்தோட பேரு. புதுசு. பெரிய இடத்துல மட்டும்தான் வெச்சிருக்காங்க."

அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது. அன்றிரவுக்குள் நூற்றெழுபது வீடுகள் அதைத் தேடின. தேடுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒரு புண்ணியவான் கவனித்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் வடமீன் இணையத்தில் கிடைத்தது. நீலப் பின்னணியில் வெள்ளி நட்சத்திரம், பார்க்கவே பெரிய இடத்துக் களை. யும் போக்ஜா முதல் ஆளாகப் போட்டுக்கொண்டாள். பனிக்கரடி வைத்திருந்தவர்கள் வெட்கப்பட்டு அதைக் கழற்றினார்கள். நாலாவது மாடிப் பெண்ணுக்குச் சம்பந்தம் கூடியது. குடிமக்களின் பெருவாரியான விருப்பத்தை ஏற்று நகராட்சி வடமீனுக்குச் சான்றளித்து, பட்டியலில் முதலிடம் தந்து, அலுவலகக் கணினிகள் அனைத்திலும் நிறுவியது. காலக்கெடு ஒரு மாதம் நீட்டிக்கப்பட்டது.

செய்தியோடு கும்ரே கடையிலிருந்து வந்தாள். "தாக் சாரே மாண்டு தின்னுட்டுச் சொல்லிட்டுப் போனார். அதைப் போட்டவங்களுக்கு ரெண்டே நிமிஷத்துல உரிமம் வருதாம். நாமளும் போட்டுடலாம்ங்க."

ஹக்சு கணினி முன் உட்கார்ந்தார். அந்தப் பெயரை மின்தூக்கியில், ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் தாமே உண்டாக்கினோம் என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆனால் நூற்றெழுபது வீடுகளும் ஒரு நகராட்சியும் ஏமாறுமா? தமக்குத் தெரியாமலே எங்கேயோ கேள்விப்பட்டுத்தான் சொல்லியிருப்போம் என்று அவருக்குப் பட்டது. போட்டார்.

இரண்டு நிமிடத்தில் உரிமம் வந்தது. கும்ரே அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, கணினியின் நெற்றியில் இருந்த கேமராக் கண்ணாடிப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தாள்.

"இது என்னங்க, நம்மளையே பாக்குற மாதிரி இருக்கு?"

"பாதுகாப்பு" என்றார் ஹக்சு. சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.